அரசின் ரகசியத்தை வெளியே சொன்னவர்கள்: ஐந்து படங்களில் எதை முதலில் பார்ப்பது?

மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடிப் படம் பார்க்கிறோம். பன்னிரண்டு பேர் வந்தாலே எங்களுக்குப் பெரிய கூட்டம்தான். பாதிப் பேர் என்னைப் போல அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகிறவர்கள். படம் முடிந்ததும் டீ, அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு. அடுத்த மாதம், அரசுக்குள் வேலை பார்த்துக்கொண்டே அரசின் தவற்றை வெளியே சொன்னவர்களைப் பற்றி ஒரு படம் பார்ப்போம் என்று முடிவானது. எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஐந்து படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். தி போஸ்ட், ஸ்னோடன், தி ரிப்போர்ட், ரியாலிட்டி, அஃபிஷியல் சீக்ரெட்ஸ். ஐந்துமே நடந்த கதைகள். நான்கு அமெரிக்காவில் நடந்தவை, ஒன்று இங்கிலாந்தில்.

இந்தத் தேர்வில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சிறுபாலத்துக்கான பில் என் மேசைக்கு வந்தது. எம் புக்கில், அதாவது கட்டுமான வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தில், நீளம், அகலம், கான்கிரீட் அளவு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. அந்தப் பாலம் இருக்கவேண்டிய இடத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்துதான் நான் வேலைக்கு வருவேன். அங்கே பாலம் இல்லை. பில்லைச் சரிபார்த்ததாக எழுதி, சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்பினேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டுக் கடன் பாதிகூடக் கட்டி முடியவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. அப்படி ஒருவர் மிரட்டியிருந்தால் மனதுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

ஆகவே இந்த வகைப் படங்களில் நான் தேடுவது ஒன்றுதான். அந்தக் காகிதம் ஒருவர் மேசைக்கு வருகிறது. பிறகு ஒரு நாள் அவர் அதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். நடுவில் அவருக்குள் என்ன நடந்தது? எழுந்த பிறகு அவர் வீட்டில் என்ன நடந்தது? இதைக் காட்டாத படம் எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருந்தாலும் எனக்கு ஒரு படி கீழேதான்.

தி போஸ்ட் 2017-இல் வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கம். மெரில் ஸ்ட்ரீப், டாம் ஹேங்க்ஸ் நடிப்பு. ஐந்தில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க மிகவும் வசதியான படம் இது. வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே தனக்காக எழுதி வைத்துக்கொண்ட ரகசிய வரலாறு, 7,000 பக்கம், 47 தொகுதி. ட்ரூமன் முதல் ஜான்சன் வரை நான்கு குடியரசுத் தலைவர்களின் காலத்தில், உள்ளே ஒன்று தெரிந்துகொண்டு வெளியே வேறொன்று சொன்ன கதை அதில் இருந்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான டேனியல் எல்ஸ்பர்க் 1969-இல் நகலெடுத்தார். 1971 ஜூன் 13-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. நீதிமன்றம் தடை போட்டது. ஜூன் 18-இல் வாஷிங்டன் போஸ்ட் தொடர்ந்தது. ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வாஷிங்டன் போஸ்டின் உரிமையாளர் கேத்தரின் கிரஹாம் 'வெளியிடுங்கள்' என்று தொலைபேசியில் சொல்லும் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த வாரம்தான் அவருடைய நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்திருந்தன. குடும்பச் சொத்து முழுவதையும் பணயம் வைத்த முடிவு அது. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இது பத்திரிகையின் கதை. எல்ஸ்பர்க் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வருகிறார், பிறகு ஒரு ஓட்டல் அறையில் வருகிறார், அவ்வளவுதான். நிஜத்தில் அந்த ஜெராக்ஸ் இரவுகளில் அவருடைய 13 வயது மகனும் கூட நின்று நகலெடுத்தான். பத்து வயது மகள் கத்தரிக்கோலால் காகிதங்களிலிருந்து 'மிக ரகசியம்' என்ற வரியை வெட்டியெடுத்தாள். சிறைக்குப் போவது உறுதி என்று நினைத்த ஒரு தகப்பன், தான் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். என் கேள்விக்கான பதில் அந்த அறைக்குள் இருக்கிறது. படம் அங்கே உட்காரவில்லை. எல்ஸ்பர்க்குக்கு 115 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகையின் ஆட்களே புகுந்து தேடியது வெளியே வந்ததால் 1973 மே 11-இல் வழக்கு தள்ளுபடியானது. இதெல்லாம் படம் முடிந்த பிறகு நடந்த கதை. பத்திரிகை வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைத்தான் முதலில் போடச் சொல்வேன். எங்கள் கூட்டத்துக்கு இது இரண்டாவது வருடத்துக்கான படம்.

ஸ்னோடன், 2016, ஆலிவர் ஸ்டோன் எடுத்தது. எங்கள் பிள்ளைகள் ஓட்டுப் போட்டால் இதுதான் ஜெயிக்கும். ஏனென்றால் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, கோடிக்கணக்கான சாதாரண மக்களின் தொலைபேசிப் பதிவுகளைத் திரட்டுவதை 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியே சொன்னார். ஜோசப் கார்டன்-லெவிட் அந்தக் குரலை, அந்த நிதானத்தை அப்படியே பிடித்திருக்கிறார். காதலி லிண்ட்சே மில்ஸுடனான வாழ்க்கைக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்கள். 'வேலையில் என்ன?' என்று அவள் கேட்கும்போது அவரால் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாத அந்த மௌனம் நிஜமாக இருக்கிறது.

ஆனால் 134 நிமிடம். எங்களுக்கு நீளம். இன்னொன்று, ஸ்டோன் தன் கதைக்காகச் சில பாத்திரங்களைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறார். சிஐஏவில் ஸ்னோடனை வளர்த்துவிடும் அந்த மேலதிகாரி அப்படிப்பட்டவர். அவருடைய முகம் சுவர் அளவுத் திரையில் எழுந்து நின்று ஸ்னோடனோடு பேசும் காட்சியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். அதனால்தான் எனக்குத் தயக்கம். என் அலுவலகத்தில் அப்படி ஒரு வில்லன் இல்லை. எல்லோரும் நல்ல மனிதர்கள், பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறவர்கள். தவறு அப்படிப்பட்ட அறைகளில்தான் நடக்கிறது. வில்லன் முகம் ஒன்றைக் காட்டிவிட்டால் பார்ப்பவர் 'நம் ஆபீசில் அப்படி யாரும் இல்லையே' என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவார்.

ஸ்னோடன் கதைதான் வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை, லாரா போய்ட்ராஸ் எடுத்த சிட்டிசன்ஃபோர் ஆவணப்படத்தைப் பாருங்கள். 2015-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஹாங்காங் ஓட்டல் அறையில் நிஜ ஸ்னோடன் கட்டிலில் உட்கார்ந்து நிஜப் பத்திரிகையாளர்களிடம் பேசுகிறார். தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது, அறையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது தலையில் சிவப்புத் துணியைப் போர்த்திக்கொள்கிறார். எந்த நடிகராலும் தர முடியாத பயம் அந்த அறையில் இருக்கிறது. நாடகப்படம்தான் போடுவது என்று முடிவு செய்ததால் மட்டுமே அதை என் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த ஓட்டலை விட்டு வெளியேறிய பிறகு ஸ்னோடன் ஏறக்குறைய இரண்டு வாரம் ஹாங்காங்கில் ஒளிந்திருந்தது எங்கே தெரியுமா? இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் தஞ்சம் கேட்டு வந்திருந்த ஏழைக் குடும்பங்களின் சின்னஞ்சிறு வீடுகளில். உலகமே தேடிய மனிதருக்குப் படுக்கத் தங்கள் கட்டிலைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வீடுகளைப் பற்றியே ஒரு படம் எடுக்கலாம்.

தி ரிப்போர்ட், 2019. ஸ்காட் இசட் பர்ன்ஸ் இயக்கம், ஆடம் டிரைவர் நடிப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சிஐஏ தன் ரகசியச் சிறைகளில் நடத்திய சித்திரவதைகளை, அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவுக்காக விசாரித்த டேனியல் ஜோன்ஸின் கதை. ஜன்னல் இல்லாத அடித்தள அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் படிக்கிறார். அறிக்கை 6,700 பக்கத்தைத் தாண்டுகிறது. 2014 டிசம்பர் 9-இல் அதன் சுருக்கம், 525 பக்கம், வெளியானது. முழு அறிக்கை இன்னும் பூட்டுக்குள்தான்.

உண்மையில் இவர் ரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தவர் இல்லை. கொடுக்கலாம் என்ற வழி கண்ணெதிரே திறந்திருந்தும், முறைப்படிதான் வெளியே வரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவர். நம் பழைய சொல்லில் சொன்னால் இடித்துரைப்பவர். ஆள்பவரின் முகத்துக்கு நேரே, சபைக்குள்ளேயே நின்று சொல்பவர். அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ஒரு வரியைக் கறுப்பு மை பூசி மறைப்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் இழுபறி நடக்கும்போது எனக்கு ஒவ்வொரு நிமிடமும் புரிந்தது. என் மனைவி பாதியில் எழுந்து போய்விட்டார். சித்திரவதைக் காட்சிகள் நேராகவே காட்டப்படுகின்றன; காலித் ஷேக் முகமது என்ற ஒருவருக்கு மட்டும் 183 முறை நீரில் மூச்சுத் திணறடிக்கும் சித்திரவதை செய்ததை அந்த அறிக்கையே சொல்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு பார்க்கும் படம் இது இல்லை. தனியாகப் பாருங்கள், அவசியம் பாருங்கள்.

அடுத்தது ரியாலிட்டி. இதைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று இரண்டு நாள் உறுதியாகவே இருந்தேன்.

2023-இல் வந்த படம், டினா சாட்டர் இயக்கம், 82 நிமிடம்தான். ரியாலிட்டி வின்னர் என்பது ஒரு பெண்ணின் நிஜப் பெயர். 25 வயது. அமெரிக்க விமானப்படையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பாரசீகம், தாரி, பஷ்தோ தெரியும். பிறகு என்எஸ்ஏவுக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தார். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது ரஷ்ய ராணுவ உளவுத்துறை தேர்தல் அதிகாரிகளின் கணினிகளைக் குறிவைத்தது பற்றிய ரகசிய அறிக்கையை அச்செடுத்து, உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்து, ஒரு செய்தித் தளத்துக்குத் தபாலில் அனுப்பினார். 2017 ஜூன் 3, சனிக்கிழமை பகல், கடைக்குப் போய்ச் சாமான்கள் வாங்கிக்கொண்டு காரில் வீடு திரும்புகிறார். வாசலில் எஃப்பிஐ ஆட்கள் நிற்கிறார்கள்.

படத்தின் உரையாடல் முழுவதும் அன்றைக்கு எஃப்பிஐ செய்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். இருமல்கூட அதில் இருப்பதுதான். வசனகர்த்தா ஒரு சொல் சேர்க்கவில்லை. அதிகாரிகள் முதலில் நாயைப் பற்றி விசாரிக்கிறார்கள். பூனை எங்கே என்கிறார்கள். உடற்பயிற்சி பற்றிப் பேசுகிறார்கள். வாங்கி வந்த சாமான் கெட்டுப்போய்விடும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமே என்று அந்தப் பெண் கவலைப்படுகிறாள். குரல்கள் எல்லாம் மரியாதையாக, இதமாக இருக்கின்றன. அந்த இதம்தான் வயிற்றைப் பிசைகிறது. எழுத்து வடிவத்தில் அரசு மறைத்துவிட்ட இடங்கள் வரும்போது, பேசிக்கொண்டிருக்கும் ஆளே திரையிலிருந்து ஒரு நொடி மறைந்து திரும்புகிறார். தணிக்கையை இப்படிக் கண்ணுக்குக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

சிட்னி ஸ்வீனியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். முதலில் எதுவும் தெரியாது என்கிறாள். பிறகு கொஞ்சம் தெரியும் என்கிறாள். சாக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஏன் செய்தேன் என்று சொல்லும் இடம் வரும்போது, அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடிய செய்தி, அதைப் பார்த்துப் பார்த்து உள்ளே ஏறிய கோபம் எல்லாம் வெளியே வருகிறது. உலகத்தையே மாற்றும் திட்டம் எதுவும் அவளிடம் இல்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் போய்விட்டது. அவ்வளவுதான் காரணம். நான் இதை நம்புகிறேன். பெரிய கொள்கை இருக்கிறவர்தான் எழுந்து நிற்பார் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2018 ஆகஸ்டில் அவருக்கு 5 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1917-ஆம் ஆண்டு ஒற்றாடல் சட்டத்தின்கீழ். ஒரே ஒரு அறிக்கைக்காக.

அப்படியானால் இதை ஏன் எடுக்கவில்லை? இரண்டு காரணம். ஒன்று, படம் நடப்பது ஏறக்குறைய ஒரே வீட்டில், ஒரே மதியத்தில். வெளியே என்ன நடந்தது, அந்தக் காகிதம் ஏன் முக்கியம் என்பதைப் படம் மிகக் குறைவாகச் சொல்கிறது. 2016 தேர்தல் சர்ச்சை தெரியாதவருக்கு நான் முன்னால் இருபது நிமிடம் பேச வேண்டியிருக்கும். நான் அவ்வளவு நேரம் பேசினால் படத்தின் இறுக்கம் போய்விடும். இரண்டாவது, இந்தப் படம் பிடிபட்ட மதியத்தின் படம். காகிதத்தை எடுத்த அந்தக் காலைப்பொழுது வாய்வழிதான் வருகிறது. பார்க்க முடியவில்லை. முதல் படமாக இதைப் போட்டால் பிள்ளைகள் மனதில் தங்குவது 'மாட்டிக்கொள்வாய்' என்ற ஒரே செய்தியாக இருக்குமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

இனி அஃபிஷியல் சீக்ரெட்ஸ். 2019, கவின் ஹூட் இயக்கம், 112 நிமிடம். கேத்தரின் கன் என்ற பெண்ணாக கெய்ரா நைட்லி.

கேத்தரின் கன் தைவானில் வளர்ந்தவர். சீன மொழி நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரத்தில் இருக்கும் ஜிசிஎச்க்யூ என்ற ஒட்டுக்கேட்பு உளவு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். 2003 ஜனவரி 31-இல் அமெரிக்க என்எஸ்ஏ அதிகாரி ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் அவர் கணினிக்கும் வருகிறது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் இராக் போர் பற்றி ஓட்டெடுப்பு வரப்போகிறது. அதில் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியாத ஆறு நாடுகள், அங்கோலா, கேமரூன், சிலி, பல்கேரியா, கினி, பாகிஸ்தான். இந்த நாடுகளின் தூதர்களை அலுவலகத்திலும் வீட்டிலும் ஒட்டுக்கேட்டு, அவர்களை வளைக்க உதவும் தகவல் எதுவானாலும் அனுப்புங்கள் என்று கேட்கிறது அந்த மின்னஞ்சல்.

அதாவது ஒரு போருக்கு ஓட்டு வாங்க. இதை எந்தக் கூட்டத்திலும் இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். ஐந்து படங்களில் ரகசியம் இவ்வளவு தெளிவாக இருப்பது இதில்தான்.

நான் தேடியது இங்கே கிடைத்தது. மின்னஞ்சலைப் படித்ததும் பக்கத்து மேசைக்காரர்களும் முகம் சுளிக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிகிறது இது தவறு என்று. பிறகு எல்லோரும் திரும்பித் தங்கள் திரையைப் பார்க்கிறார்கள். கன் வீட்டுக்குப் போகிறார். தொலைக்காட்சியில் பிரதமர் டோனி பிளேர் பேசுவதைப் பார்த்து அதட்டுகிறார். கணவர் துருக்கியைச் சேர்ந்த குர்து இனத்தவர். பிரிட்டனில் அவருடைய குடியிருப்பு அனுமதி ஊசலில் இருக்கிறது. இவர் வாயைத் திறந்தால் முதலில் அடிபடப்போவது கணவர். தெரிந்தும் வேலைக்குத் திரும்பிப் போய் அச்சுப்பொறி முன்னால் நிற்கிறார். காகிதம் வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் நான் மூச்சு விடவில்லை.

பிறகு வரும் பகுதியை எந்தப் படமும் காட்டி நான் பார்த்ததில்லை. அவர் காகிதத்தை ஒரு தோழியிடம் கொடுத்துவிடுகிறார். எதுவும் நடக்கவில்லை. நாட்கள் போகின்றன. வேலைக்குப் போகிறார், மொழிபெயர்க்கிறார், வீட்டுக்கு வருகிறார். கொடுத்ததற்காகப் பயம், வெளியே வராததால் ஏமாற்றம், இனி வராது என்ற லேசான நிம்மதி. அந்த நிம்மதிக்காக வெட்கம். மார்ச் 2-ஆம் தேதி ஞாயிறு காலை கடையில் அப்சர்வர் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்த மின்னஞ்சலைப் பார்க்கும்போது நைட்லியின் முகத்தில் பெருமை இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது.

பத்திரிகைப் பக்கமும் இந்தப் படத்தில் முழுதாக உண்டு. மார்ட்டின் பிரைட் என்ற செய்தியாளர், அவருடைய பத்திரிகையே போரை ஆதரித்துத் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த மின்னஞ்சல் நிஜமா என்று தேடி அலைகிறார். செய்தி வெளியாகிறது. உடனே அமெரிக்காவில் 'இது போலி' என்று ஒரே கூச்சல். ஏன் தெரியுமா? பத்திரிகை அலுவலகத்தில் ஓர் இளம் பணியாளர், வழக்கம்போல எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளை ஓட்டி, அமெரிக்க எழுத்துமுறையில் இருந்த சொற்களைப் பிரிட்டிஷ் எழுத்துமுறைக்கு மாற்றிவிட்டார். அமெரிக்க அதிகாரி ஒருவர் இப்படி எழுதுவாரா என்று கேட்டு, ஒத்துக்கொண்ட தொலைக்காட்சிப் பேட்டிகளை ரத்து செய்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒருவர் கொண்டுவந்த உண்மையைக் கடமை தவறாத ஒரு திருத்தம் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது. இது அப்படியே நடந்தது. கோப்பில் ஒரு கமா மாறியதால் ஆறு மாதம் அலைந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் காட்சி போதும்.

அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் கன் பொய் சொல்கிறார். பிறகு தன்னால் நண்பர்கள் சந்தேகத்துக்கு ஆளாவதைத் தாங்க முடியாமல், நான்தான் என்று தானே போய்ச் சொல்லிவிடுகிறார். போர் நிற்கவில்லை, மார்ச் 20-இல் தொடங்கிவிட்டது. எட்டு மாதம் அவரை அந்தரத்தில் தொங்கவிட்டு, 2003 நவம்பர் 13-இல் அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டினார்கள். பொதுநலனுக்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க 1989-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்திருக்கும் வழக்கறிஞர் பென் எமர்சன் வேறு வழி தேடுகிறார். போரே சட்டவிரோதம் என்றால், உயிர்களைக் காப்பாற்ற வேறு வழியின்றிச் செய்தேன் என்று வாதிடலாம். ஆகவே போர் சட்டப்படி சரியா என்று அரசின் தலைமை வழக்கறிஞர் பிரதமருக்குக் கொடுத்த ஆலோசனையைக் காட்டுங்கள் என்று கேட்கிறார். 2004 பிப்ரவரி 25-இல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், ஆதாரம் எதையும் தாக்கல் செய்யப்போவதில்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வழக்கு முடிந்தது. அந்த ஆலோசனையின் முழு வடிவம் 2005 ஏப்ரலில் வெளியானபோது, தலைமை வழக்கறிஞருக்கே எவ்வளவு சந்தேகம் இருந்தது என்று நாடு பார்த்தது.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். கணவரை நாடு கடத்த விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் காட்சியில் இயக்குநர் படபடப்பைக் கொஞ்சம் கூடவே ஏற்றியிருக்கிறார். செய்தியாளர்கள் பகுதியில் பெயர்கள் வேகமாக வருகின்றன, இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் எனக்கே பிடிபட்டது. ரியாலிட்டியில் இருக்கும் துணிச்சலான திரைமொழி இதில் இல்லை. நேரான, ஒழுங்கான, பழைய பாணிப் படம்.

அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது அதுதான். ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் முடியும். பேச நேரம் மிச்சமிருக்கும். பிள்ளைகளோடு பார்க்கச் சங்கடம் இல்லை. ஆங்கிலப் பேச்சு வேகம் என்பதால் கீழே எழுத்து ஓடும்படி வைக்க வேண்டும், பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

பேச்சுக்கு விஷயமும் இதில்தான் நம் பக்கம் வருகிறது. கன்னைக் குற்றம் சாட்டிய சட்டத்தின் மூதாதையான 1911-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தைப் பார்த்துத்தான் நம் நாட்டு அலுவல் ரகசியச் சட்டம் 1923-இல் எழுதப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், முரண்பாடு வந்தால் தானே மேலோங்கும் என்று 22-ஆம் பிரிவில் சொல்கிறது; தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வெறும் ஒரு மதிப்பெண் கேள்வி, படத்துக்குப் பிறகு அப்படி இருக்காது. கன் மீது குற்றம் சாட்டப்பட்ட அதே 2003 நவம்பரில், 27-ஆம் தேதி, பீகாரின் கயாவில் சத்யேந்திர துபே சுட்டுக் கொல்லப்பட்டார். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர். தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பிரதமருக்கு எழுதியவர், தன் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டவர். பெயர் வெளியே போனது. அந்தச் சாவுக்குப் பிறகு கேட்ட குரல்களால் வந்ததுதான் 2014-இன் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துப் பத்து ஆண்டுகள் கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. சாலை பில் என்றதும் எனக்கு அவர் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

வீட்டில் தனியாகப் பார்ப்பவர்களுக்கு: அஃபிஷியல் சீக்ரெட்ஸ் முதலில், அதே வாரத்தில் ரியாலிட்டி. இரண்டு பெண்களும் மொழிபெயர்ப்பாளர்கள், இருவரும் அச்செடுத்தது ஒரே ஒரு ஆவணத்தைத்தான். ஒருவர் வீட்டுக்குப் போனார், மற்றவர் சிறைக்குப் போனார். அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இது உறைக்கும். அப்புறம் சிட்டிசன்ஃபோர். தி ரிப்போர்ட் மனது திடமாக இருக்கும் நாளில். ஸ்னோடனும் தி போஸ்டும் எப்போது வேண்டுமானாலும்.

வாட்ஸ்ஆப் குழுவில் நேற்று இரவு படத்தின் பெயரைப் போட்டுவிட்டேன். 'நீங்க வேலையில இருந்தப்போ இந்த மாதிரி ஏதாவது பார்த்திருக்கீங்களா சார்?' என்று ஒரு மாணவி உடனே கேட்டிருந்தாள். சனிக்கிழமை படம் முடிந்ததும் பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.